வண்டி வர்க்கத்தைப் படைத்தவர்

ஜாவா பாடத்தில் இன்ஹெரிட்டன்ஸ் என்றாலே நம்மில் பலருக்கு வயிற்றைக் கலக்கும். நானும் மனப்பாடம் பண்ணித்தான் எழுதினேன். அதைத் தந்தவரின் வாழ்க்கையைப் படித்த பிறகுதான் விஷயம் புரிஞ்சுது.

கிறிஸ்டன் நைகார்ட் 1926-ல் நார்வே நாட்டின் ஆஸ்லோவில் பிறந்தார். 1948 முதல் 1960 வரை அந்நாட்டு ராணுவ ஆராய்ச்சி நிறுவனத்தில் பணி. பிறகு நார்வே கணிப்பொறி மையம். அங்கே நண்பர் ஓலே யோஹான் டாலுடன் சேர்ந்து 'சிமுலா' மொழியை உருவாக்கினார். தொழிற்சாலை, வரிசை போன்றவற்றைக் கம்ப்யூட்டரில் நடத்திப் பார்ப்பதே அதன் நோக்கம்.

சுங்கம் வசூலிக்கும் பாலம் ஒன்று. வரிசையில் பஸ், லாரி, கார் எல்லாம் நிற்கின்றன. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி விவரம். ஆனால் வரிசையில் நிற்பது எல்லாவற்றுக்கும் பொது. அதையே ஏன் மூன்று தடவை எழுதணும்? பொதுவானதை 'வண்டி' என்ற கிளாஸில் ஒருமுறை எழுதிவிட்டு, மற்றவற்றை அதன் பிள்ளைகளாக்கினால் போதுமே! 1967-ல் இந்த யோசனை 'சிமுலா 67' ஆனது. ஸ்மால்டாக், சி பிளஸ் பிளஸ், 1995-ல் வெளிவந்த ஜாவா எல்லாம் அந்தப் பரம்பரைதான்.

லேபில் நான் பண்ணிய கூத்தைக் கேளுங்கள். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணும் மெத்தட் வேணுமே என்று பஸ்ஸை எஞ்சினுக்குப் பிள்ளையாக்கிவிட்டேன். ப்ரோக்ராமும் ஓடிவிட்டது! இரண்டு எஞ்சின் உள்ள வண்டி கேட்டபோதுதான் மாட்டிக்கொண்டேன். பஸ் ஒரு வண்டி என்றால் சரி. அங்கே 'எக்ஸ்டெண்ட்ஸ்' போடலாம். பஸ் ஒரு எஞ்சின் என்று யாராவது சொல்வார்களா? பஸ்ஸில் எஞ்சின் இருக்கிறது, அவ்வளவுதான். அதை உள்ளே ஓர் உறுப்பாக வைக்க வேண்டும். ஒன்றோ இரண்டோ, எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். ஜாவாவில் ஒரு கிளாஸுக்கு ஒரே பெற்றோர்தான். அந்த இடத்தை வீணாக்கக் கூடாது.

நைகார்ட் மொழியோடு நின்றுவிடவில்லை. 1970-களின் தொடக்கத்தில் இரும்பு, உலோகத் தொழிலாளர் சங்கத்தோடு சேர்ந்து உழைத்தார். கம்ப்யூட்டர் தங்கள் வேலையை எப்படி மாற்றும் என்பதைத் தொழிலாளர்கள் தாங்களே புரிந்துகொண்டு பேச வேண்டும் என்பது அவர் கொள்கை.

2001-ஆம் ஆண்டுக்கான டூரிங் விருது இருவருக்கும் கிடைத்தது. 2002 ஜூன் 29-ல் டால் மறைந்தார். ஆறே வாரத்தில், ஆகஸ்ட் 10-ல், நைகார்டும் போய்விட்டார்.

நாளை தொழிற்சாலை வாசலை மிதிக்கப் போகும் நண்பர்களே! கோடு எழுதுமுன் எது எதன் வகை, எதற்குள் எது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள். யாருடைய வேலையை அது மாற்றப்போகிறது என்பதையும்தான்.