பென்சிலால் எழுதிய மனு

அமெரிக்கப் படங்களில் போலீஸ்காரர் கைவிலங்கு மாட்டும்போது கடகடவென்று சிலதை ஒப்பிப்பார். பேசாமல் இருக்க உரிமை உண்டு, வக்கீல் வைத்துக்கொள்ள உரிமை உண்டு, காசு இல்லையென்றால் அரசே வைத்துக் கொடுக்கும். இங்கே வளர்ந்த நம்ம பிள்ளைகளுக்கு இது மனப்பாடம். ஆனால் அந்தக் கடைசி வரி சும்மா வந்துவிடவில்லை. க்ளாரன்ஸ் எர்ல் கிடியன் என்ற ஏழைக் கைதியின் பிடிவாதத்துக்கு அதில் பெரிய பங்கு உண்டு. ஒரு கிரிமினல் வழக்கு இந்த நாட்டில் எப்படி நகரும் என்று யாராவது என்னைக் கேட்டால், அவர் கதையைத்தான் சொல்வேன்.

கிடியன் 1910ல் மிசூரி மாநிலத்தில் ஹானிபல் என்ற ஊரில் பிறந்தார். 3 வயதில் அப்பா இறந்துவிட்டார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. 14 வயதில் வீட்டை விட்டு ஓடினார். அதன்பிறகு திருட்டு, சிறை, கொஞ்ச நாள் வேலை, மறுபடி திருட்டு, மறுபடி சிறை. போதாததற்குக் காசநோய் வேறு. 4 கல்யாணம். ஆள் உத்தமர் இல்லைங்க, அதை மறைக்க வேண்டியதில்லை. உத்தமர்களுக்கு மட்டும் கிடைப்பது சலுகைதானே, உரிமை இல்லையே.

1961 ஜூன் 3 அன்று, ஃப்ளோரிடாவின் பனாமா சிட்டியில் ஒரு பூல் விளையாட்டுக் கூடத்தின் கதவை யாரோ உடைத்தார்கள். சிகரெட் மெஷினையும் பாட்டுப் பெட்டியையும் உடைத்துச் சில்லறையை எடுத்துப் போய்விட்டார்கள். விடிகாலையில் கிடியன் அங்கிருந்து வெளியே வந்ததைப் பார்த்ததாக ஒருவர் சொன்னார். அவர் பையிலும் சில்லறை இருந்தது. கைது செய்தார்கள்.

இங்கே பெரும்பாலான குற்ற வழக்குகளை நடத்துவது மாநிலங்கள்தான். கைதானவரை நீதிபதி முன் நிறுத்துவார்கள். குற்றச்சாட்டைச் சொல்வார்கள், ஜாமீன் பற்றி முடிவு செய்வார்கள். குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா இல்லையா என்று கேட்பார்கள். இல்லை என்றால் ஜூரி முன் விசாரணை. கிடியன் இல்லை என்றார். ஆகஸ்ட் 4 அன்று விசாரணைக்கு வந்தபோது, தனக்கு ஒரு வக்கீல் வேண்டும் என்று கேட்டார். ஃப்ளோரிடா சட்டப்படி மரண தண்டனை வரக்கூடிய வழக்குகளில் மட்டுமே நீதிமன்றம் வக்கீலை நியமிக்க முடியும் என்று நீதிபதி மறுத்தார். உச்ச நீதிமன்றமே தனக்கு அந்த உரிமையைத் தந்திருப்பதாகக் கிடியன் வாதிட்டார். அன்றைய நிலவரப்படி அவர் சொன்னது தவறு. 1942ல் உச்ச நீதிமன்றம், விசேஷ சூழ்நிலை இருந்தால் ஒழிய மாநிலங்கள் வக்கீல் தரவேண்டியதில்லை என்று தீர்ப்புச் சொல்லியிருந்தது.

வேறு வழியில்லாமல் அவரே வாதாடினார். சாட்சிகளைக் குறுக்கு விசாரணை செய்தார். தன் பக்கத்துக்கும் சாட்சிகளைக் கூப்பிட்டார். ஆனால் எதைக் கேட்கவேண்டும், எங்கே மடக்கவேண்டும் என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஜூரி குற்றவாளி என்றது. அதிகபட்ச தண்டனையாக 5 வருஷம் கிடைத்தது.

ஃப்ளோரிடா உச்ச நீதிமன்றத்துக்கு ஆட்கொணர்வு மனு போட்டார், தள்ளுபடியானது. பிறகு சிறையில் கொடுத்த கோடு போட்ட தாளில், பென்சிலால், 5 பக்கம் எழுதி வாஷிங்டனில் உள்ள அமெரிக்க உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1962 ஜனவரியில் அது போய்ச் சேர்ந்தது. கட்டணம் கட்ட முடியாதவர்கள் மனுப்போட அங்கே தனி வழி உண்டு. வரும் மனுக்களில் மிகச் சிலவற்றைத்தான் எடுத்துக்கொள்வார்கள். இதை எடுத்துக்கொண்டார்கள். பின்னாளில் அதே நீதிமன்றத்தின் நீதிபதியான ஏப் ஃபோர்டாஸை அவருக்காக வாதாட நியமித்தார்கள். இருபதுக்கும் மேற்பட்ட மாநிலங்கள் கிடியன் பக்கம் நின்றன. ஃப்ளோரிடாவுக்குத் துணையாக வந்தவை அலபாமாவும் வட கரோலினாவும் மட்டும்தான்.

1963 மார்ச் 18 அன்று 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். கடும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வசதி இல்லையென்றால் மாநிலம் வக்கீல் தந்தே ஆகவேண்டும். தீர்ப்பை எழுதியவர் ஹ்யூகோ பிளாக். 1942 தீர்ப்பை எதிர்த்து எழுதியவரும் அவரே.

அங்கே ஜெயித்ததால் கிடியன் உடனே வீட்டுக்குப் போய்விடவில்லை. பழைய தண்டனை ரத்து, வழக்கு முதலிலிருந்து. 1963 ஆகஸ்ட் 5 அன்று அதே ஊர், அதே நீதிபதி, அதே குற்றச்சாட்டு, அதே முக்கிய சாட்சி. இந்த முறை பக்கத்தில் ஃப்ரெட் டர்னர் என்ற உள்ளூர் வக்கீல். அந்த விடிகாலையில் நீ அங்கே என்ன செய்துகொண்டிருந்தாய் என்று சாட்சியையே துருவினார். கிடியனை ஏற்றிச் சென்ற டாக்ஸிக்காரரிடம், தன்னை ஏற்றிச் சென்றதை யாரிடமும் சொல்லாதே என்று அவர் சொல்லியிருந்தார். கேட்டால் சந்தேகம் வரும்தானே? முன்பும் அப்படிச் சொன்னதுண்டு, மனைவியோடு தகராறு என்பதால்தான் என்பதை டாக்ஸிக்காரர் வாயாலேயே டர்னர் வரவழைத்தார். சுமார் ஒரு மணி நேரத்தில் ஜூரி விடுதலை என்றது. 2 வருஷம் உள்ளே இருந்தவர் வெளியே வந்தார்.

நம்ம கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கிற பேச்சு ஒன்று உண்டு. தப்பு செய்யாதவனுக்கு எதுக்கு வக்கீல், போலீஸிடம் உள்ளதைச் சொன்னால் போதும் என்பார்கள். வக்கீல் வேண்டும் என்று கேட்டாலே தப்பு செய்ததாக நினைப்பார்களே என்ற பயமும் இருக்கிறது. கிடியனின் 2 விசாரணைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். முதல் முறையும் அவர் நிரபராதி என்றுதான் சொன்னார்.

இன்னொரு விஷயம். தண்டனையில் முடியும் வழக்குகளில் 100க்கு 90க்கும் மேல் ஜூரி வரைக்கும் போவதேயில்லை. அரசு வழக்கறிஞரோடு பேசி, குற்றத்தை ஒப்புக்கொண்டு குறைந்த தண்டனை வாங்குவதில் முடிகின்றன. சின்னக் கேஸ்தானே, அபராதத்தைக் கட்டிட்டு வந்துடலாம் என்று கையெழுத்துப் போடுகிற விசாக்காரருக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவருக்கும் பிறகு நாடு கடத்தல் வரை பிரச்சினை வரலாம். அந்த ஆபத்தை முன்கூட்டியே சொல்வது குற்ற வழக்கு வக்கீலின் கடமை என்று 2010ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் குடியேற்ற நீதிமன்றத்தில் அரசு செலவில் வக்கீல் கேட்கும் உரிமை இன்றைக்கும் இல்லை. கிடியன் திறந்த கதவு அந்தப் பக்கம் திறக்கவில்லை.

கிடியன் 1972 ஜனவரியில், 61 வயதில் ஃப்ளோரிடாவில் இறந்தார். பிறந்த ஊரிலேயே புதைத்தார்கள். கல்லறையில் முதலில் பெயர்கூட இல்லை, பிறகுதான் கல் வைத்தார்கள். அதே வருஷம் ஜூன் மாதம், சிறைக்கு அனுப்பக்கூடிய சின்னக் குற்றங்களுக்கும் அந்த உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் விரிவாக்கியது.

அதனால் நான் சொல்வது இவ்வளவுதான். உங்களையோ உங்கள் பிள்ளையையோ போலீஸ் விசாரித்தால், மரியாதையாகப் பெயரைச் சொல்லுங்கள், பிறகு வக்கீல் வேண்டும் என்று கேளுங்கள். கேட்பதில் வெட்கம் எதுவும் இல்லை.