பாரதியாரின் பத்திரிகை வாத்தியார்

கையில் இருந்த பணம் 1 ரூபாய் 12 அணா. அதுவும் கடன் வாங்கிய பணம்!

அதை வைத்துக்கொண்டு சென்னையில் ஆறு இளைஞர்கள் ஒரு பத்திரிகை தொடங்கினார்கள். தங்கசாலைத் தெருவில் இருந்த ஓர் அச்சுக்கூடத்தில் 80 பிரதிகள் அச்சடித்தார்கள். 1878-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி அது வெளிவந்தது. வாரம் ஒரு முறை வரும். விலை 4 அணா. அதுதான் "இந்து" ஆங்கிலப் பத்திரிகை.

(அணா என்றால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத் தெரியாது. 16 அணா சேர்ந்தது ஒரு ரூபாய்.)

ஆறு பேரில் நான்கு பேர் சட்டம் படித்துக்கொண்டிருந்த மாணவர்கள். இரண்டு பேர் வாத்தியார்கள். ஒருவர் வீரராகவாச்சாரியார். மற்றவர் ஜி. சுப்பிரமணிய ஐயர். ஐயருக்கு அப்போது வயது 23.

சுப்பிரமணிய ஐயரின் சொந்த ஊர் தஞ்சை மாவட்டத்தில் உள்ள திருவையாறு. 1855-ம் ஆண்டு பிறந்தார். தகப்பனார் வக்கீல். தஞ்சையில் படித்துவிட்டு, ஆசிரியர் பயிற்சிக்காகச் சென்னைக்கு வந்தார். பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொண்டே பி.ஏ. தேறினார்.

அவருக்குப் பத்திரிகை ஆசை எப்படி வந்தது?

அந்த ஆண்டில்தான் சென்னை ஐகோர்ட்டில் முதன்முதலாக ஓர் இந்தியர் நீதிபதி ஆனார். அவர் முத்துசாமி ஐயர். வெள்ளைக்காரர்கள் நடத்திய பத்திரிகைகளுக்கு இது பிடிக்கவில்லை. கண்டித்து எழுதின. அதற்குப் பதில் சொல்ல இந்தியர்கள் கையில் ஒரு பத்திரிகை இல்லை. அந்தக் குறையைப் போக்கவே ஆறு பேரும் துணிந்தார்கள்.

பத்திரிகை வளர்ந்தது. 1889-ல் தினசரி ஆயிற்று. ஐயரின் பெயர் நாடெங்கும் பரவியது. 1885-ல் பம்பாயில் காங்கிரஸ் மகாசபை முதன்முதலாகக் கூடியபோது, முதல் தீர்மானத்தைக் கொண்டு வந்தவர் அவர்தான்.

தமிழில் ஒரு பத்திரிகை

ஆனாலும் ஐயருக்கு மனம் நிறையவில்லை. ஆங்கிலம் தெரிந்தவர்கள் ஊருக்கு நாலு பேர். மற்றவர்களுக்கு நாட்டு நடப்பை யார் சொல்வது?

1882-ல் "சுதேசமித்திரன்" என்ற தமிழ் வாரப் பத்திரிகையைத் தொடங்கினார்.

அதை நடத்துவது "இந்து"வை நடத்துவதைவிடக் கடினம். ஏன் தெரியுமா? எழுத ஆள் இல்லை! தமிழ் நன்றாகத் தெரிந்த புலவர்கள் இருந்தார்கள். அவர்கள் எழுதினால் சாதாரண ஜனங்களுக்குப் புரியாது. அரசியல் தெரிந்தவர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு ஆங்கிலத்தில்தான் எழுத வரும். வரி, சட்டசபை, வரவு செலவுத் திட்டம் எல்லாவற்றையும் தமிழில் எளிதாக எழுதும் ஆட்களை இனிமேல்தான் உண்டாக்க வேண்டும் என்ற நிலை.

சொன்னபடி செய்தார்

விதவைகளுக்கு மறுமணம் செய்ய வேண்டும் என்று ஐயர் எழுதிவந்தார். அப்படி எழுதியவர்கள் வேறு சிலரும் உண்டு. தங்கள் வீட்டில் செய்துகாட்ட அவர்களில் பலருக்குத் துணிவு வரவில்லை.

ஐயரின் மகள் சிவப்பிரியா சிறு வயதிலேயே கணவனை இழந்தாள். 1889-ல் பம்பாயில் மகளுக்கு மறுமணம் செய்துவைத்தார் ஐயர். உறவினர்கள் ஒதுக்கினார்கள். சாதிக்காரர்கள் தள்ளிவைத்தார்கள். இன்று இதைப் படிக்கும்போது பெரிதாகத் தோன்றாது. அந்தக் காலத்தில் நல்லது கெட்டதற்கு வீட்டு வாசலை யாரும் மிதிக்கமாட்டார்கள் என்றால் அது சாதாரணத் தண்டனை அல்ல. அவர் எழுதுவதை நிறுத்தவில்லை.

1898-ல் கூட்டாளிகள் பிரிந்தார்கள். 20 வருஷம் பாடுபட்டு வளர்த்த "இந்து"வை விட்டு ஐயர் வெளியேறினார். தமிழ்ப் பத்திரிகையை மட்டும் தம் பொறுப்பில் எடுத்துக்கொண்டார். அடுத்த ஆண்டிலேயே அதைத் தினசரி ஆக்கினார். வாரத்துக்கு ஒரு முறை எழுதுவது வேறு. தினமும் பக்கங்களை நிரப்புவது வேறு. ஆள் தேடும் வேலை இன்னும் அவசரமாயிற்று.

மதுரையில் கிடைத்த வாலிபர்

1904-ம் ஆண்டு. மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் 21 வயது வாலிபர் ஒருவர் தற்காலிகத் தமிழாசிரியராக வேலை பார்த்துவந்தார். எட்டயபுரத்துக்காரர். கவி பாடுவார். காசியில் இருந்து படித்தவர். அவர்தான் சுப்பிரமணிய பாரதி.

ஐயர் அவரைச் சென்னைக்கு அழைத்துவந்து, "சுதேசமித்திர"னில் உதவி ஆசிரியர் வேலை கொடுத்தார்.

கவிஞருக்கு என்ன வேலை? கவி எழுதுவதா? இல்லை. ஆங்கிலத்தில் வரும் தந்திகளைத் தமிழில் பெயர்க்கும் வேலை!

அப்போது ரஷ்யாவுக்கும் ஜப்பானுக்கும் போர் நடந்துகொண்டிருந்தது. தந்திகள் வந்தபடி இருக்கும். தந்திக்குச் சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் சுருக்கமாகத்தான் வரும். அதைப் படித்து, எந்த ஊர், யார் படை, யாருக்கு வெற்றி என்று புரிந்துகொண்டு, திருநெல்வேலியில் திண்ணையில் உட்கார்ந்து பத்திரிகை படிப்பவருக்கும் விளங்கும்படி எழுத வேண்டும். அதுவும் அச்சுக்கோப்பவர் காத்திருக்கும்போதே எழுதி முடிக்க வேண்டும். யோசித்து யோசித்துப் பாட்டு எழுதுவதுபோல் இங்கே முடியாது.

ஐயர் வேலை வாங்குவதில் கெட்டிக்காரர். பாரதியாரின் தமிழைப் புகழ்வார். புகழ்ந்துகொண்டே மேலும் ஒரு கட்டுத் தாளை நீட்டுவார். சம்பளம் குறைவு, வேலை அதிகம். ஆனாலும் பாரதியார் கோபித்துக்கொள்ளவில்லை. அந்த வேலைதான் தமக்குத் தமிழ் எழுதும் பழக்கத்தைக் கொடுத்தது என்று எண்ணி, ஐயரைக் குருவாகவே மதித்தார். பாரதியாருடன் பழகிய எழுத்தாளர் வ.ரா. இதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாரதியாரின் பாட்டைப் புகழ்கிறோம். நேர் நேராக, பளிச்சென்று இருக்கும் அவருடைய வசனம் எங்கே உருவாயிற்று என்று பார்த்தால், அந்த மேஜைக்குத்தான் வர வேண்டும்.

"சுதேசமித்திர"னில் வேலை செய்யும்போதே, 1905-ல், "சக்கரவர்த்தினி" என்ற பெண்கள் மாதப் பத்திரிகைக்கும் பாரதியார் ஆசிரியர் ஆனார். 1906-ல் "இந்தியா" வாரப் பத்திரிகைக்குப் போனார். அங்கே அவர் எழுத்து நெருப்பாக இருந்தது. குருவிடம் தொழிலைக் கற்றவர், குருவைவிட வேகமாக ஓடினார்.

குற்றாலத்தில் கைது

1908-ம் ஆண்டு சர்க்கார் பத்திரிகைகள் மீது பாய்ந்தது. ஜூலையில் திலகருக்கு ஆறு வருஷத் தண்டனை விதித்தார்கள். பாரதியார் புதுச்சேரிக்குப் போய்விட்டார். அது பிரெஞ்சுக்காரர் ஊர். ஆங்கிலேயப் போலீஸ் அங்கே நுழைய முடியாது.

ஐயருக்கு 53 வயது. உடல் முழுதும் கொடிய தோல் நோய். குற்றாலத்தில் தங்கியிருந்தார். ஆகஸ்டு மாதம் போலீசார் அங்கே வந்து அவரைக் கைது செய்தார்கள். "சுதேசமித்திர"னில் வந்த கட்டுரைகள் ராஜத் துரோகம் என்பது குற்றச்சாட்டு.

இனி அடங்கி எழுதுவதாக உறுதி கொடுத்த பிறகே அவரை விட்டார்கள். இதற்காக அவரைக் குறை சொன்னவர்கள் உண்டு. புண்ணோடும் வலியோடும் சிறை வாசலில் நின்றவரை, வீட்டில் உட்கார்ந்துகொண்டு குறை சொல்வது சுலபம்.

நோய் முற்றியது. 1915-ல் காந்திஜி சென்னைக்கு வந்தபோது ஐயரைப் பார்க்கப் போனார். அவர் உடம்பில் வழிந்த சீழைக் காந்திஜி தம்முடைய துணியாலேயே துடைத்துவிட்டார் என்று சொல்வார்கள். அதே ஆண்டில் பத்திரிகைப் பொறுப்பு ஏ. ரங்கசாமி ஐயங்காரிடம் போயிற்று. 1916-ம் ஆண்டு ஏப்ரல் 18-ந் தேதி ஐயர் காலமானார்.

பாரதியார் அப்போது புதுச்சேரியில் இருந்தார். 1918-ல்தான் அவர் தமிழ்நாட்டுக்குத் திரும்பினார். 1920-ல் சென்னைக்கு வந்து, தாம் தொழில் பழகிய அதே "சுதேசமித்திர"னில் மீண்டும் உதவி ஆசிரியராகச் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் இறக்கும்வரை அங்கேதான் வேலை பார்த்தார்.