பிலிப் பினெல்

உடல்நோய் உற்றாரைக் கண்டு இரங்கும் மக்கள், மனநோய் உற்றாரைக் கண்டு நெடுங்காலம் அஞ்சினர். அஞ்சியதனால் அவர்களை விலங்கிட்டு அடைத்தனர். அவரும் குணமடையத் தக்க நோயாளரே என்று நூல்வாயிலாக நிலைநாட்டிய பெரியோருள் ஒருவர் பிலிப் பினெல். அவர்தம் சரித்திரத்தை ஈண்டுச் சுருங்கக் கூறப் புகுகின்றோம்.

பினெல் 1745-ஆம் ஆண்டு ஏப்ரல் 20-ஆம் நாள் பிரான்சு தேசத்தின் தென்பாகத்தில் பிறந்தார். இளமையில் சமயநூல் பயின்ற அவர், பின்னர் அதனை விடுத்து, 1773-இல் துலூஸ் சர்வகலாசாலையில் வைத்தியப் பட்டம் பெற்றார். 1778-இல் பாரிஸ் நகரம் புக்கபோது, அப்பட்டம் ஆங்கு மதிக்கப்படவில்லை. ஆகவே பதினைந்து ஆண்டளவும் நூல் எழுதியும் மொழிபெயர்த்தும் காலங்கழித்தார். அந்நாளில் நண்பர் ஒருவர் சித்தங் கலங்கி மாண்டமை அவரை மனநோய் ஆராய்ச்சியில் செலுத்திற்று.

1793-இல் பிசேத்ர் என்னும் ஆடவர் வைத்தியசாலையில் அவர் வைத்தியராக அமர்ந்தார். ஆங்கு மனநோயாளரை மேற்பார்த்து வந்தவர் ழான் பப்தீஸ்த் புஸ்ஸேன் என்பார். அவர் முன்னர்த் தோல் பதனிடும் தொழிலாளி. அவ்வைத்தியசாலையிலேயே நோயாளியாய்க் கிடந்து குணமடைந்தவர். பட்டம் ஒன்றும் பெறாதவர். எனினும் அடித்தலை விலக்கி, அன்பாலும் உறுதியாலும் நோயாளரை ஆளும் வழியைத் தம் அநுபவத்தால் அறிந்திருந்தார். பினெல் அவரை இகழாது, அவரோடு உலாவி, நோயாளர் ஒவ்வொருவரோடும் உரையாடி, கண்டவற்றைக் குறித்து வைத்தார்.

அவ்வாராய்ச்சியின் பயனாக 1801-இல் மனநோய் பற்றிய அவரது பெருநூல் வெளிவந்தது. துயரம், அச்சம், ஏமாற்றம் முதலியவற்றாலும் மனநோய் தோன்றுமென்றும், குருதி வாங்குதலைப் பெரிதும் நம்பாது, பொறுமை, நல்லுரை, ஒழுங்கான வேலை ஆகியவற்றால் பலரைத் தேற்றலாமென்றும் அந்நூல் விளக்கிற்று. 1806-இல் அஃது ஆங்கிலத்திலும் வெளிவந்தது.

பினெல் தம் கையாலேயே பிசேத்ரில் விலங்குகளைத் தறித்தார் என்பது பிற்காலத்தார் கட்டிய கதை. ஓவியரும் அதனைத் தீட்டிப் பரப்பினர். உண்மை வேறு. 1795-இல் பினெல் சால்பெத்ரியேர் என்னும் மகளிர் வைத்தியசாலைக்கு மாறிச் சென்றபின், பிசேத்ரில் இரும்பு விலங்கை அகற்றியவர் புஸ்ஸேனே. அவரை 1802-இல் தம்மிடம் வருவித்துக்கொண்ட பினெல், 1809-இல் வெளியான தம் நூலின் இரண்டாம் பதிப்பில் அச்செயலை அவர்க்கே உரியதாக எழுதிவைத்தார். விலங்கு நீங்கிய பின்னரும் கைகளைப் பிணிக்கும் சட்டை வழக்கில் இருந்ததென்பதையும் நாம் மறைத்தல் தகாது; சீர்திருத்தம் ஒரே நாளில் நிறைவெய்துவதன்று.

1826-ஆம் ஆண்டு அக்டோபர் 25-ஆம் நாள் பினெல் பாரிஸில் உயிர் நீத்தார். கதை அவர்க்கு அளித்த புகழினும் உண்மை அளிக்கும் புகழே பெரிதென்பது எம் கருத்து. பட்டம் பெற்ற பேரறிஞர் ஒருவர், பட்டமில்லாத பணியாளரிடம் கற்றார். கற்றதை மறையாது உலகிற்கு உரைத்தார். கல்லூரியிற் பயிலும் நாம் அவர்பால் முதற்கண் கற்கவேண்டியது இதுவே.