காருக்கு அழகு தந்த மைந்தன்

மோட்டார் மன்னர் ஹென்றி போர்டின் பெயரை அறியாதவர் இல்லை. அவருக்கு ஒரே மகன், பெயர் எட்ஸல். தந்தை, சாமானியனுக்கும் கார் கிடைக்கச் செய்தார். அந்தக் காருக்கு அழகும் வேண்டும் என்றார் மகன். அதற்காக அவர் தம் தந்தையுடனேயே போராட வேண்டியிருந்தது.

பெயருக்குத் தலைவர்

எட்ஸல் 1893-ம் ஆண்டு நவம்பர் 6-ந் தேதி டெட்ராய்ட் நகரில் பிறந்தார். 25-வது வயதில் போர்டு கம்பெனியின் தலைவரானார். பதவி மகனிடம், அதிகாரமோ தந்தையிடம்! மகன் போட்ட உத்தரவைத் தந்தை ரத்து செய்வது சகஜம். எட்ஸல் எதிர்த்துப் பேசமாட்டார்.

1908-ல் வந்த "டி மாடல்" கார் தந்தைக்கு உயிர். மக்களின் ரசனை மாறிவிட்டது, புதிய கார் வேண்டும் என்று மகன் வாதாடினார். விற்பனை சரிந்த பிறகே தந்தை இணங்கினார். 1927 மே 26-ந் தேதி 1½ கோடியாவது "டி" கார் தொழிற்சாலையை விட்டு வெளியே வந்தது. அதில் தந்தையும் மகனும் சேர்ந்து வந்தனர். அத்துடன் அந்த மாடல் விடைபெற்றது. அடுத்து வந்த "ஏ மாடல்" காரின் தோற்றத்தை உருவாக்கியதில் எட்ஸலுக்குப் பெரும் பங்கு உண்டு.

பிறந்தது கான்டினென்டல்

1922-ல் 80 லட்சம் டாலருக்கு வாங்கிய லிங்கன் கம்பெனி எட்ஸலின் பொறுப்பில் இருந்தது. 1938-ல், ஐரோப்பியப் பாணியில் தமக்கு ஒரு கார் வேண்டும் என்று அவர் கிரெகோரி என்ற நிபுணரிடம் சொன்னார். படகுகளுக்கு உருவம் கொடுத்துப் பழகியவர் கிரெகோரி. லிங்கன் காரைத் தாழ்த்தி, முன்பகுதியை நீட்டி, ஸ்டெப்னி சக்கரத்தைப் பின்புறம் நிமிர்த்தி வைத்தார். 1939-ல் அந்தக் காரைப் புளோரிடாவில் எட்ஸல் ஓட்டினார். பார்த்த நண்பர்கள் தங்களுக்கும் ஒன்று வேண்டும் என்றார்கள். "கான்டினென்டல்" விற்பனைக்கு வந்தது.

1942-ல் யுத்தம் காரணமாகக் கார் உற்பத்தி நின்றது. மறு ஆண்டு, மே 26-ந் தேதி, எட்ஸல் புற்றுநோயால் காலமானார். தந்தையுடன் "டி" காரில் வந்த அதே தேதி! அப்போது அவருக்கு வயது 49. மகனை இழந்த ஹென்றி போர்டு 79-வது வயதில் மீண்டும் தலைவர் பதவி ஏற்றார்.

தொடர்ந்த தலைமுறைகள்

முதல் கான்டினென்டல் 1948-ல் நின்றது. 1951-ல் நியூயார்க் நவீனக் கலை மியூசியம் அதைக் கலைப்பொருளாகக் காட்சிக்கு வைத்தது. எட்ஸலின் கடைசி மகன் வில்லியம், 1955-ல் "மார்க் 2" என்று அதற்கு மறுபிறவி தந்தார். விலை சுமார் 10,000 டாலர். டிக்கி மூடியில் ஸ்டெப்னியின் வட்டம் புடைத்து நின்றது. 1961-ல் நான்கு கதவுகளுடன் புதிய உருவம் வந்தது. 1963-ல் ஜனாதிபதி கென்னடி சுடப்பட்டது அந்த மாடல் காரில்தான். 2002-ல் நின்ற கான்டினென்டல், 2016-ல் மீண்டும் வந்து 2020-ல் முடிந்தது.

1957-ல் எட்ஸலின் பெயரிலேயே ஒரு கார் வெளியிட்டார்கள். அது படுதோல்வி. இரண்டே ஆண்டுகளில் கைவிட்டார்கள். அவர் பெயர் தாங்கிய காரை உலகம் கேலி செய்தது. அவர் ஆசைப்பட்டு உருவாக்கிய காரோ எண்பது ஆண்டுகள் பேர் சொல்லியது.