தோல்வியையும் எழுதிவைத்த மருத்துவர்

சில ஆண்டுகளுக்கு முன் என் வலது தோள்பட்டை இறுகிப்போனது. இயன்முறை சிகிச்சையாளர் என்னைக் குனியச் சொல்லி, கையைத் தொங்கவிட்டு ஊசல்போல் ஆட்டப் பழக்கினார். பத்து அமர்வுகள் முடிந்தன, கட்டணம் செலுத்தினேன். அதன்பின் என் கை தலைக்கு மேல் உயர்கிறதா என்று எவரும் விசாரிக்கவில்லை. அந்த ஊசல் பயிற்சி பாஸ்டன் நகர அறுவை மருத்துவர் எர்னஸ்ட் அமோரி காட்மனின் பெயரால் வழங்குகிறது என்பதையும், நோயாளியை ஓராண்டு கழித்தும் விசாரிக்க வேண்டும் என்று வாதாடிப் பதவிகளை இழந்தவர் அவரே என்பதையும் பின்னரே அறிந்தேன்.

1869-இல் பிறந்த காட்மன் ஹார்வர்டில் பயின்றார். மாணவப் பருவத்திலேயே, பின்னாளில் மூளை அறுவை சிகிச்சையில் புகழ்பெற்ற ஹார்வி குஷிங்குடன் சேர்ந்து, மயக்க மருந்தின்போது நோயாளியின் நாடித்துடிப்பைக் குறித்துவைக்கும் அட்டவணையை உருவாக்கினார். மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் பணியேற்றபின், ஒவ்வொரு நோயாளிக்கும் ஓர் அட்டை வைத்தார். நோய் என்னவென்று கருதப்பட்டது, என்ன செய்யப்பட்டது, ஓராண்டுக்குப் பின் நிலை என்ன, குணமாகவில்லையெனில் தவறு யாருடையது ஆகியவை அதில் இடம்பெறும். இதை இறுதி விளைவு முறை என்றார்.

மருத்துவமனையோ பணிமூப்பின்படியே பதவி உயர்வு அளித்துவந்தது. அதை எதிர்த்து 1914-இல் விலகினார். 1915 ஜனவரியில் மருத்துவர் கூட்டமொன்றில் பெரிய கேலிச்சித்திரம் ஒன்றைத் திறந்துவைத்தார். மணலில் தலை புதைத்த நெருப்புக்கோழி மருத்துவர்களுக்குப் பொன்முட்டை இடும் காட்சி அது. நயமான வழி அல்லதான். ஹார்வர்டு ஆசிரியப் பணியும் சங்கத் தலைமையும் பறிபோயின.

தாம் 1911-இல் தொடங்கிய சிறு மருத்துவமனையின் கணக்கை மட்டும் அவர் மறைக்கவில்லை. 1916 வரை சிகிச்சை பெற்றுச் சென்ற 337 பேரில் 123 பிழைகள் நேர்ந்ததாகத் தாமே அச்சிட்டு வெளியிட்டார். பிற மருத்துவமனைகள் அவ்வாறு செய்யவில்லை. அவர் முன்னின்று வலியுறுத்திய தரநிர்ணயத்தை அமெரிக்க அறுவை மருத்துவர் கல்லூரி ஏற்று 692 மருத்துவமனைகளைச் சோதித்தபோது, 89 மட்டுமே தேறின. 1919-இல் அந்தப் பட்டியல் வெளியாகாமல் நியூயார்க் விடுதி ஒன்றில் எரிக்கப்பட்டது.

முதியோருக்கான அமெரிக்க அரசுக் காப்பீடான மெடிகேர், 2007 ஜூலையில் தரத் தகவல் அளிப்போருக்கு 1.5 விழுக்காடு ஊக்கத்தொகை தரத் தொடங்கியது. இயன்முறை, செயல்முறை சிகிச்சையாளர்களும் அதில் சேர்க்கப்பட்டனர். முதியவர் தவறி விழும் அபாயத்தைக் கேட்டறிந்தோம் என்பன போன்ற குறியீடுகளைக் கட்டண விண்ணப்பத்தில் குறித்தால் அப்போது போதுமானதாக இருந்தது. பின்னர் அவர் விழுந்தாரா என்பதற்கும் தொகைக்கும் தொடர்பு இருக்கவில்லை. 2015 முதல், தகவல் தராதோருக்குப் பிடித்தமும் வந்தது. காட்மனின் அட்டையில் இருந்த ஓராண்டுக் கட்டம்தான் அதில் இருக்கவில்லை. அந்தக் கட்டத்தை நிரப்ப நோயாளியைத் தேடிப்போக வேண்டும். விண்ணப்பத்தில் குறியிட மேசையே போதும். பணம் தருவதில் எனக்கு மறுப்பில்லை, எதற்குத் தருகிறோம் என்பதே என் கேள்வி.

தோள்பட்டை குறித்த தம் பெருநூலை காட்மன் 1934-இல் வெளியிட்டார். 1940-இல் தோல் புற்றுநோயால் இறந்தார். கேம்பிரிட்ஜ் மவுண்ட் ஆபர்ன் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்த இடத்தில், 2014-இல்தான் பெயர் பொறித்த கல் நடப்பட்டது.