சாண்டோ செய்ததும் விற்றதும்

மீமிசலில் கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி உடற்பயிற்சிக் கூடம் ஒன்று வந்து ஓராண்டாகிறது. காவலர் தேர்வுக்குத் தயாராகும் பக்கத்து வீட்டு இளைஞன் அங்கே நாள் தவறாமல் போகிறான். சென்ற மாதம் ஒரு மாலை, கைப்பேசியில் புரதத்தூள் விளம்பரம் ஒன்றைக் காட்டி, மூவாயிரத்துச் சொச்சம் கொடுத்து இதை வாங்கலாமா என்று என்னிடம் கேட்டான். விளம்பரத்தில் நின்றவரின் உடற்கட்டு அந்தத் தூளால் வந்ததா என்பதுதான் அவன் உண்மையில் அறிய விரும்பியது. பொருளாதாரம் கற்பித்துக் காலம் கழித்தவனிடம் கேட்கத் தகுந்த கேள்விதான். அவன் அணிந்திருந்த கையில்லாத பனியனின் பெயரிலேயே அதற்கு விடை இருந்தது.

சாண்டோ பனியன் என்று சொல்லும்போது நாம் ஒரு மனிதரின் பெயரைச் சொல்கிறோம் என்பது பலருக்கும் நினைவில் இல்லை. கோவையில் தேகப்பயிற்சியால் பெயர்பெற்றுப் பின்னர் திரைப்படத் தயாரிப்பாளராக உயர்ந்த சின்னப்பா தேவரின் பெயருக்கு முன்னே பட்டமாக நின்றதும் அதே பெயர்தான்.

யூஜின் சாண்டோ 1867-இல் பிரஷியாவின் கோனிக்ஸ்பெர்க் நகரில் பிறந்தவர். இயற்பெயர் பிரெடரிக் வில்ஹெல்ம் முல்லர். கட்டாய ராணுவ சேவைக்கு அஞ்சி ஊரைவிட்டு வெளியேறி, சர்க்கஸ் வித்தைக்காரராக ஐரோப்பாவில் அலைந்தார். பிரஸ்ஸல்ஸில் அவருக்கு ஒரு குரு வாய்த்தார். லூயி துர்லாக்கர் என்ற அவர், பேராசிரியர் அட்டிலா என்னும் பெயரில் மேடையேறியவர். (அக்காலத்து வித்தைக்காரர்கள் பேராசிரியர் பட்டத்தைத் தாமே சூட்டிக்கொண்டார்கள், நாங்கள்தான் ஆய்வேடு எழுதிவிட்டுக் காத்துக்கிடந்தோம்.) அட்டிலா அவருக்குக் கற்றுக்கொடுத்தது கனத்த எடையைத் தூக்கும் கலை. சாண்டோவின் உடல் உருவானது அந்த உழைப்பில்தான்.

1889-இல் லண்டன் மேடையில், சாம்ப்சன் என்ற பலசாலியின் அறைகூவலை ஏற்று அவரை வென்றபோது சாண்டோவின் புகழ் ஒரே இரவில் பரவியது. 250 பவுண்டுக்கு மேற்பட்ட எடையை ஒரே கையால் தலைக்கு மேல் உயர்த்தியவர் அவர். நம் கணக்கில் 113 கிலோ. 1893-இல் சிகாகோவுக்கு அழைத்துச்சென்ற சீக்ஃபெல்ட் என்ற நிகழ்ச்சி அமைப்பாளர், மக்கள் அவர் தூக்கும் எடையைவிட அவருடைய தசைகளையே வியந்து பார்க்கிறார்கள் என்பதைக் கண்டுகொண்டார். உடம்பெல்லாம் வெண்பொடி பூசி, கிரேக்கப் பளிங்குச் சிலைபோல் சாண்டோ அசையாமல் நின்றார். அடுத்த ஆண்டு எடிசனின் படப்பிடிப்புக் கூடத்தில் அவரைப் படம் பிடித்தார்கள். திரைப்படத்தின் தொடக்க நாள்களிலேயே பதிவான உடல் அது. பலத்தைக் காட்டிப் பிழைத்தவர் தோற்றத்தைக் காட்டிப் பிழைக்கத் தொடங்கினார். அதன்பின் அந்தத் தோற்றம் பிறருக்கும் கிடைக்கும் என்று விற்கத் தொடங்கினார்.

என் துறைக்கு உரிய பகுதி இங்கேதான் வருகிறது. 1897-இல் லண்டனில் உடற்பயிற்சி நிலையம் ஒன்றைத் திறந்தார். அதே ஆண்டு வலிமை பெறும் வழியைச் சொல்லும் நூல் வெளியிட்டார். மறு ஆண்டு ஓர் இதழ் தொடங்கினார். அஞ்சல்வழிப் பாடங்கள், இழுத்துப் பயிலும் மீள்பட்டைகள், கைப்பிடிக்குள் சுருள்வில் வைத்த சிறு டம்பெல்கள் என்று சரக்குகள் பெருகின. அந்த டம்பெல்லின் எடை சில பவுண்டுகள்தான். பல நூறு பவுண்டு இரும்போடு போராடி வந்த உடம்பைக் காட்டி, சில பவுண்டு டம்பெல்லை அவர் விற்றார். பாலிலிருந்து பிரித்தெடுத்த பிளாஸ்மோன் என்ற புரதத் தூளுக்கும் அவர் பெயர் விளம்பரமாயிற்று. எழுத்தாளர் மார்க் ட்வைன் அந்தத் தூள் வணிகத்தில் முதலீடு செய்து பணத்தை இழந்தவர் என்பது ஒரு கிளைக்கதை. விற்பவர் அறிந்ததை வாங்குபவர் அறியாத சந்தை எப்படிக் கெடும் என்பதை அகெர்லாஃப் 1970-இல் பழைய கார்களை வைத்து விளக்கினார். அதற்கு எழுபது ஆண்டுகளுக்கு முன்பே சாண்டோவின் டம்பெல் நல்ல எடுத்துக்காட்டாக இருந்திருக்கிறது.

அவரை வெறும் ஏமாற்றுக்காரர் என்று ஒதுக்கிவிடவும் எனக்கு மனமில்லை. வயதுக்கேற்பப் பயிற்சி எண்ணிக்கையை வகுத்து, சில நாள்களுக்கு ஒருமுறை அதைச் சிறிது சிறிதாகக் கூட்டச் சொன்னவர் அவர். உடலளவுகளைக் குறித்து வைக்கவும் சொன்னார். இன்றைய பயிற்சியாளர்கள் சுமையைப் படிப்படியாகக் கூட்டும் முறையின் சாரம் இதில் இருக்கிறது. 1901-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அவர் நடத்திய உடற்கட்டுப் போட்டிக்கு நடுவர்களில் ஒருவர், ஷெர்லாக் ஹோம்ஸைப் படைத்த கானன் டாயில். 1904–05-இல் சாண்டோ இந்தியாவுக்கும் வந்து தம் வித்தைகளைக் காட்டினார். பனியன்வரை அவர் பெயர் இறங்கிவந்த நாடல்லவா இது.

1911-இல் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் உடற்பயிற்சி ஆசிரியர் என்ற பட்டமும் வந்தது. ஆனால் வணிகம் நிற்கவில்லை. அவர் பெயரில் வந்த கோகோ பானம், முதல் உலகப் போர்க் காலத்தில் நொடித்துப்போனது. 1925-இல் தம் 58-ஆம் வயதில் லண்டனில் காலமானார். பட்னி வேல் இடுகாட்டில் அவருடைய கல்லறை பல பத்தாண்டுகள் பெயர் பொறித்த கல்கூட இல்லாமல் கிடந்தது. 1977 முதல் மிஸ்டர் ஒலிம்பியா போட்டியில் வெல்பவர் கையில் ஏந்துவது அவருடைய உருவச்சிலை.

இதையெல்லாம் அந்த இளைஞனிடம் சொன்னேன். இளவட்டக்கல்லைப் பற்றியும் சொன்னேன். தென்மாவட்ட ஊர்களில் உருண்டையான அந்தக் கல்லை முதலில் முழங்கால்வரை, பிறகு மார்புவரை, கடைசியில் தோள்வரை ஏற்றி முதுகுக்குப் பின்னே போட வேண்டும். அந்தக் கல்லை வைத்து யாரும் எதையும் விற்கவில்லை. தூக்க முடிந்ததா இல்லையா என்பது ஊர் முன்னிலையில் தெரிந்துவிடும். புரதம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. எடை தூக்குபவனுக்கு அது வேண்டியதுதான். கடலோர ஊரில் மீனுக்கும், எந்த ஊரிலும் முட்டைக்கும் பயறுக்கும் பஞ்சமில்லை என்றேன். விளம்பரத்தில் இருப்பவர் விற்பதை விட்டுவிட்டு, அவர் எத்தனை ஆண்டு, யாரிடம், எவ்வளவு எடையோடு பயின்றார் என்று விசாரிக்கச் சொன்னேன்.

அவன் டப்பாவை வாங்கவில்லை என்று எழுத ஆசைதான், வாங்கிவிட்டான். கூடவே கோடு போட்ட நோட்டுப் புத்தகம் ஒன்றும் வாங்கி, அன்றன்று தூக்கிய எடையைத் தேதி போட்டு எழுதி வருகிறான். நேற்று கொண்டுவந்து காட்டினான். முதல் பக்கத்தில் 40 கிலோ என்று தொடங்கியிருந்த கணக்கு, நான்காம் பக்கத்தில் 52 கிலோ ஆகியிருந்தது. டப்பா காலியாகி ஒரு வாரமாகிறதாம், கணக்கு தொடர்கிறது.