சோதனைக் குழாயில் ஒரு வாழ்க்கைப் போராட்டம்

காஸே என்னும் பெயரை விலங்கியல் மாணவர் அனைவரும் அறிவர். போட்டி விலக்கல் கோட்பாட்டின் தந்தை என்று பாடநூலில் இரண்டு வரிகளில் படித்துவிட்டு நகர்ந்து விடுகிறோம். அந்த இரண்டு வரிகளுக்குப் பின்னால் ஓர் இளைஞரின் அயராத உழைப்பு இருக்கிறது.

கியோர்கி காஸே 1910-ஆம் ஆண்டு டிசம்பர் திங்களில் மாஸ்கோ நகரில் பிறந்தார். மாஸ்கோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் அல்பாட்டோவிடம் பயின்றார். உயிரினங்களுக்கு இடையிலான போட்டியைப் பற்றி லோட்கா, வோல்டெர்ரா என்னும் அறிஞர்கள் ஏற்கெனவே சமன்பாடுகள் வகுத்திருந்தனர். அவை மெய்யா என்று கண்ணால் கண்டறிய விரும்பினார் காஸே. அதற்கு அவர் காடுமலை தேடி அலையவில்லை. சில சோதனைக் குழாய்களும், நுண்ணோக்கியும், பொறுமையுமே அவருக்குப் போதுமானவையாக இருந்தன.

பரமீசியம் அரேலியா, பரமீசியம் காடேட்டம் ஆகிய இரு இனங்களைத் தனித்தனிக் குழாய்களில் வளர்த்தார். நாள்தோறும் ஒரே அளவு பாக்டீரியா உணவு கொடுத்தார். இரண்டும் பெருகி, உணவு தாங்கும் எல்லையில் நின்றன. பின்னர் இரண்டையும் ஒரே குழாயில் சேர்த்து வளர்த்தார். நாளடைவில் காடேட்டம் குறைந்து மறைந்தது. அரேலியா மட்டுமே எஞ்சியது. வென்ற அரேலியா இரண்டில் சிறிய இனம் என்பது நாம் கருதத்தக்கது!

சோதனை அத்துடன் முடியவில்லை. அதே காடேட்டத்தைப் பரமீசியம் பர்சேரியாவுடன் சேர்த்தார். இம்முறை எதுவும் அழியவில்லை. காடேட்டம் மேற்பகுதியில் மிதக்கும் பாக்டீரியாவை உண்டது. பர்சேரியா அடியில் படிந்த ஈஸ்ட்டை உண்டது. தனித்து வாழ்ந்தபோது இருந்த எண்ணிக்கையை இரண்டுமே எட்டவில்லை. ஆயினும் இரண்டும் வாழ்ந்தன.

வாழிடம் என்பது ஓர் உயிரின் விலாசம். செயல்வாழிடம் என்பது அதன் தொழில். ஒரே தொழிலை ஒரே இடத்தில் நடத்தும் இரு இனங்கள் நெடுநாள் சேர்ந்து வாழ இயலாது. தொழில் சற்றே வேறுபட்டால் குறைந்த உணவிலும் இரண்டுக்கும் இடம் உண்டு. இதுவே காஸே கண்ட உண்மை.

போட்டி பற்றிய தம் ஆய்வுகளைத் தொகுத்து 1934-இல் அமெரிக்காவில் நூலாக வெளியிட்டபோது அவருக்கு வயது இருபத்து மூன்றுதான்.

பின்னர் அவர் நோய்க்கிருமிகளை எதிர்க்கும் மருந்துகளின் பக்கம் திரும்பினார். உலகப் போர் உச்சத்தில் இருந்த 1942-இல், தம் துணைவியார் மரியா பிராஷ்னிகோவாவுடன் சேர்ந்து, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவிலிருந்து கிராமிசிடின் எஸ் என்னும் மருந்தைக் கண்டுபிடித்தார். போர்வீரர்களின் புண்களை ஆற்ற அது உதவியது. 1946-இல் அவருக்கு ஸ்டாலின் பரிசு கிடைத்தது.

1948-இல் லைசென்கோவின் செல்வாக்கால் சோவியத் நாட்டில் மரபியல் தடைப்பட்டது. மரபியலாளர் பலர் வேலை இழந்தனர். அவர்களில் சிலருக்குத் தம் ஆய்வுக்கூடத்தில் இடமளித்தார் காஸே. மருந்து ஆய்வு என்ற பெயரில் அவர்களது அறிவு அழியாமல் காக்கப்பட்டது. 1986-இல் அவர் மறைந்தார்.

வலியது வாழும், எளியது மாளும் என்பதே இயற்கையின் சட்டம் என்று சொல்வோர் காஸேயின் முதற் சோதனையை மட்டுமே படித்தவர்கள். இரண்டாம் சோதனையையும் சேர்த்துப் படிப்போமாக! உணவு குறைவாயினும் பகிர்ந்து வாழ வழி உண்டு என்பதை ஒரு சிறு கண்ணாடிக் குழாய் நமக்குக் காட்டுகிறது.